சப்பரத்துக்கு அக்கா அனுப்பிய மேன்டில்கள்

திண்டுக்கல்
14-1-1962

அன்புள்ள அன்னாள் அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். செபாஸ்தியம்மாள் அத்தை மட்டும் நலமில்லை. நீ பம்பாய்க்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல். சுக்குக் கஷாயத்துக்கும் கேட்கவில்லை.

நேற்று நம் விளக்குக் கடையில் நாலு பேர் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுக்க நின்றுகொண்டிருந்தார்கள். ஆள் கூட்டம் சேரும்வரை காத்திருந்து அத்தை ஆரம்பித்தாள்.

"ஏலே சவரிமுத்து, ஒங்கக்கா அங்க என்னதான் வேல பாக்குறா?"

"மண்ணப் பிரிக்கிறா அத்தை."

"மண்ணப் பிரிக்க பி.எஸ்.சி. எதுக்குலே? ஒரு சல்லடையக் குடுத்தா நம்ம மாவு சலிக்கிற பேச்சாயி பிரிச்சுட்டுப் போறா."

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். அய்யா சிரிக்கவில்லை. விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தார். போதும் போதும் என்று கடையாள் மொக்கைச்சாமி கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அடுத்தது, அத்தை உனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளைச் செய்தி. கொடைரோடு ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். வெளியூர் போன பெண்ணைத் திரும்ப அனுப்பிவைக்க அத்தை சரியான ஆபீசைத்தான் பிடித்திருக்கிறாள்! அய்யா "முடியாது" என்றும் சொல்லவில்லை, "சரி" என்றும் சொல்லவில்லை. "ஒரு வருசம் போய்ப் பாக்கட்டும்னு நாந்தான் விட்டேன். மே மாசம் வருசம் முடியுதுல்ல, அப்பச் சொல்றேன்" என்றார்.

அக்கா, உண்மையான கஷ்டம் எது தெரியுமா? மக என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அய்யாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நீ உடனே எழுது. டீக்கடையில் நின்று உரக்கச் சொன்னால் புரிகிற மாதிரி எழுது. பாடப் புத்தகம் மாதிரி எழுதினால் பள்ளிக்கூடத்தை மதிக்கிற அளவுக்குத்தான் உன்னையும் மதிப்பேன்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி (அம்மா அடிக்கடி "நல்லவேளை" என்கிறாள்)
சவரிமுத்து

பி.கு: தலைமையாசிரியர் சைக்கிள் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றிய வழக்கில் எனக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.


பம்பாய்
24-1-1962

சவரிமுத்து,

உன் கடிதத்தை விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் புஷ்பமேரிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அய்யா காற்றடித்துக்கொண்டே இருந்தார் என்று எழுதினாய் அல்லவா, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

டீக்கடைக்குத் தகுந்த மாதிரி எழுதுகிறேன். கேள்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒரு மணல் இருக்கிறது. அதற்குள் தோரியம் என்று ஒரு உலோகம். அதோடு அருமண் தனிமங்கள் என்று ஒரு பெருங்குடும்பமே ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அணு உலைக்குப் போக வேண்டிய தோரியத்தில் இந்தக் குடும்பத்தில் ஒருவர் துளி இருந்தாலும் ஆகாது.

மணலைக் கரைத்த நைட்ரிக் அமிலக் கரைசலில், தோரியத்தைச் சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் இன்னொரு திரவத்தை ஊற்றிக் குலுக்குவோம். அதில் ட்ரைபூட்டைல் பாஸ்பேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது வந்து தண்ணீரை விலக்கிவிட்டுத் தோரியத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். தண்ணீர்ப் பிடி விட்டதும் தோரியம் மேலே இருக்கும் திரவத்துக்கு ஏறிவிடும். மற்றவர்களைப் பிடிக்க அதற்கு அவ்வளவு ஆசையில்லை. அவர்கள் கீழே நின்றுவிடுவார்கள். மேலே உள்ளதைத் தனியே வடித்தெடுப்போம். இதையே மறுபடியும் மறுபடியும் செய்வோம்.

சீரியம் என்று ஒருத்தன் மட்டும் ஏமாற்றுவான். அவனுக்கு இரண்டு நிலை. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது தோரியத்தோடு தானும் மேலே ஏறிவிடுவான். நிறமில்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் பேசாமல் கீழே இருப்பான். அவனை எந்தக் கட்டத்தில், எவ்வளவு சோடியம் நைட்ரைட் போட்டு அடக்குவது என்று கண்டுபிடித்தவள் உன் அக்கா. இப்போது நான் பிரித்துத் தருவதில் சீரியத்தைத் தேடினாலும் கிடைக்காது. எங்கள் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் அதிகம் பேசாதவர். அவரே "நல்லது" என்றார்.

மே மாதம் நிரந்தர உத்தரவு தருவார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டும். அய்யா வாயால் சரி என்று சொல்லாமல் போட மாட்டேன். சண்டை போட்டு இங்கே இருக்க எனக்கு இஷ்டமில்லை. திரும்பி வரவும் இஷ்டமில்லை. இதை அய்யாவிடம் சொல்லாதே.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த மேல் திரவம் பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான்.

அன்னாள்


திண்டுக்கல்
5-2-1962

மண்ணெண்ணெய் மகாராணி அவர்களுக்கு,

கடைசி வரியை ஏன் கடைசியில் எழுதினாய்? அதை மட்டும் எழுதியிருந்தால் போதுமே! மண்ணெண்ணெய் நாற்றம் பிடிக்கவில்லை என்று படித்து, ரயிலேறி, ஆயிரம் மைல் தாண்டிப் போய் மண்ணெண்ணெயிலேயே விழுந்திருக்கிறாய். இந்தப் பக்கம் மண், அந்தப் பக்கம் எண்ணெய். சேர்த்துச் சொன்னால் நம் கடை.

உன் சீரியத்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். அத்தைதான் அது. ஆரஞ்சுச் சேலை கட்டிக்கொண்டு சீறிச் சீறி எல்லோர் தலைமேலும் ஏறுவாள். அவளுக்கு 'சீறியம்' என்று பேர் வைத்துவிட்டேன். அடக்குவதற்கு அந்த நைட்ரைட்டில் ஒரு பொட்டலம் அனுப்பு.

கடிதத்தை அய்யாவுக்கு வாசித்தேன். சொல்லாதே என்றதை மட்டும் விட்டுவிட்டேன், நம்பு. அய்யா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் விளக்கில் திரிக்குப் பதிலாகக் கட்டும் வலைப் பை இருக்கிறதே, அந்த மேன்டில் புதிதாக ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல தடவுற மருந்தும் தோரியம்னுதான கம்பெனிக்காரன் சொல்லுவான்?"

"ஆமாய்யா."

"அப்ப எம்மக எடுக்குறதுலதான் நம்ம வெளக்கு எரியுது."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் எதிர்க்கடை நைனா முகமதுவிடம் சொன்னார். அவர் சேக் பரீதுவிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வரைக்கும் போய்விட்டது. அய்யா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

இப்போது விஷயம். மார்ச்சில் சூசையப்பர் திருவிழா. சப்பரத்துக்கு முன்னால் தலையில் தூக்கிப்போகும் பன்னிரண்டு விளக்கும் நம் கடையுடையவை. அந்தப் பன்னிரண்டுக்கும் உன் கையால் எடுத்த தோரியத்தில் செய்த மேன்டில் வேண்டும் என்கிறார் அய்யா. "ஊரே பாக்கட்டும். அதுக்குப் பெறகு எவன் கேக்குறான்னு பாப்போம்" என்றார். அக்கா, உனக்குப் புரிகிறதா? இது நன்றாக எரிந்தால் மே மாதக் கேள்விக்கு மார்ச்சிலேயே பதில்.

சவரிமுத்து


பம்பாய்
28-2-1962

அன்புள்ள தம்பி,

பொறுப்பாளரிடம் கேட்க ஒரு வாரம் தயங்கினேன். "மேன்டில்கள் கடையிலேயே கிடைக்குமே" என்றார். என் அய்யா கடைக்கு என்றேன். சோதனை போக மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள விட்டார். மேன்டில் கம்பெனியிலிருந்து மருந்து தோய்க்காத வெறும் வலைப் பைகளை வாங்கி, நானும் புஷ்பமேரியும் தோய்த்துக் காயவைத்தோம். பதின்மூன்று இருக்கின்றன. ஒன்று உடைந்தால் மாற்றுக்கு.

அய்யாவிடம் சொல். இதுவரை அவர் ஏற்றிய எந்த மேன்டிலும் இதற்கு நிகராகாது. இதில் தோரியத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

முதலில் ஸ்பிரிட் ஊற்றி மெதுவாக எரிய விடச் சொல். அவருக்குத் தெரியும், ஆனாலும் சொல். நீ கிட்டே போகாதே.

நான் வந்து பார்க்க முடியாது. நீ பார்த்து எழுது. எல்லாவற்றையும் எழுது.

அன்னாள்


திண்டுக்கல்
20-3-1962

அக்கா,

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நேற்று மாலை சப்பரம் புறப்படுவதற்கு முன் நம் கடை வாசலில் பன்னிரண்டு விளக்கும் வரிசையாக இருந்தன. அய்யா சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் ஒரு பலகையில் 'அன்னாள் லைட்' என்று எழுதிவைத்திருந்தேன். கொடைரோட்டு மாப்பிள்ளை வீட்டாரையும் அத்தை அழைத்து வந்திருந்தாள்.

அய்யா முதல் விளக்கைத் தானே ஏற்றினார். மேன்டில் அழகாகச் சாம்பலாகி நின்றது. காற்றடித்தார். வரும் வரும் என்று பார்த்தோம். மேகத்துக்குள் போன நிலா மாதிரி, வெளிறிப்போய் ஒரு மங்கல். அதற்குமேல் ஏறவில்லை. அடைப்பு எடுக்க ஊசியைக் குத்தினார். எண்ணெயை மாற்றினார். மொக்கைச்சாமி அடுத்ததை ஏற்றினான். அதுவும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே.

கொட்டு முழங்கியாகிவிட்டது. மாற்று மேன்டில் கட்ட நேரமில்லை. அந்தப் பன்னிரண்டையும் தூக்கிக்கொண்டுதான் சப்பரம் போனது. சூசையப்பர் முகம் தெரியவில்லை. வழியில் எவனோ, "ஏப்பா, வெளக்கு எங்க இருக்குனு பாக்க ஒரு வெளக்குக் கொண்டாங்கப்பா" என்றான். இந்த ஹாஸ்யத்தை நான் சொல்லியிருந்தால் ஒரு மாதம் பெருமைப்பட்டிருப்பேன்.

அத்தை அய்யாவிடம், "வெளிச்சம் போட்டுக் காட்டிட்டா அண்ணே ஒம்மக" என்றாள்.

அய்யா திரும்பி வந்து பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

சவரிமுத்து


பம்பாய்
27-3-1962

சவரிமுத்து,

எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு.

அந்தத் தோரியத்தைச் சோதித்த தாள் என் மேசையில் இருக்கிறது. அதைவிடச் சுத்தமாக இங்கே யாரும் எடுத்ததில்லை. பன்னிரண்டும் ஒன்றுபோல மங்கலாக எரிந்தன என்கிறாய். ஒன்று கெட்டால் மேன்டில் கெட்டது எனலாம். பன்னிரண்டும் கெட்டால் எண்ணெயில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியர் சைக்கிளில் கைவைத்த அதே ஆள்.

அல்லது ஒன்றுமே நடக்காமல், என்னை அழவைத்துப் பார்க்க எழுதினாயா? அப்படியானால் உடனே அப்படி எழுதிவிடு. கோபித்துக்கொள்ள மாட்டேன். தயவுசெய்து அப்படி எழுது.

அன்னாள்


திண்டுக்கல்
2-4-1962

அக்காவுக்கு,

நான் செய்யவில்லை.

இதை நம்ப ஆளில்லாத அளவுக்குச் சேஷ்டை செய்து வைத்திருக்கிறேன், தெரியும். நைனா முகமதுகூட என்னைத்தான் முதலில் பார்த்தார். அய்யா மட்டும் பார்க்கவில்லை. "அவன் அக்கா வெளக்குல அவன் வெளையாட மாட்டான்" என்றார். நீயும் அதைச் சொல்லியிருக்கலாம்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு கொடைரோட்டுக்காரர்கள் நிச்சயம் பேச வருகிறார்கள். அத்தை ஏற்பாடு. அய்யா "வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பதின்மூன்றாவது மேன்டிலை இதோடு அனுப்புகிறேன். எண்ணெயை நீயே ஊற்று. நீயே ஏற்று.

சவரிமுத்து


பம்பாய்
10-4-1962

என் தம்பி சவரிமுத்துவுக்கு,

ஏற்றினேன். விடுதிச் சமையல்காரரின் விளக்கில், புது எண்ணெயில். நீ எழுதியபடியேதான் எரிந்தது. மேகத்துக்குள் போன நிலா.

முதலில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அய்யா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இனி விஷயம். மேன்டிலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம். மீதி ஒரு பங்கு என்ன தெரியுமா? சீரியம். அந்த ஒரு பங்கு இருந்தால்தான் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். தனித் தோரியம் எவ்வளவு சூடானாலும் இப்படித்தான் மங்கி நிற்கும். இது பி.எஸ்.சி. பாடத்தில் இருந்தது. பரீட்சையில் கேட்டார்கள். எழுதி மார்க்கும் வாங்கினேன். ஒரு வருஷமாகச் சீரியத்தை விரட்டுவது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்ததில், அவனுக்கும் ஒரு வேலை உண்டு என்பது மறந்தே போய்விட்டது.

பொறுப்பாளரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்று பயம்தான். கையோடு கொண்டுபோன விளக்கை அவர் முன்னால் ஏற்றிக் காட்டினேன். "துளி சீரியம் நின்றிருந்தாலும் இவ்வளவு மங்கலாக எரியாதே. இதைவிட நல்ல சர்டிபிகேட் நான் உனக்குக் கொடுக்க முடியாது" என்றார். சவரிமுத்து, நான் எடுத்தது அவ்வளவு சுத்தம். அழுதுகொண்டே சிரித்தேன். புஷ்பமேரி பயந்துவிட்டாள்.

இத்தோடு ஆறு புது மேன்டில்கள் அனுப்புகிறேன். நான் கீழே வடித்துத் தள்ளிய சீரியத்திலிருந்தே நூற்றுக்கு ஒரு பங்கு எடுத்துச் சேர்த்திருக்கிறேன். இந்த முறை ஏற்றிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இவற்றை ஏற்றுங்கள். மங்கல் மேன்டில் ஏதாவது மிச்சமிருந்தால் தூர எறிந்துவிடு. அதை யாரும் இனிப் பார்க்க வேண்டாம். நான் மறந்த கதையை அய்யாவிடம் சொல்ல வேண்டாம். முதலில் வந்த பார்சல் வழியில் கெட்டுப்போனது என்று ஏதாவது சொல்லிக்கொள். பொய் உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அக்கா


திண்டுக்கல்
30-4-1962

அன்புள்ள அக்காவுக்கு,

பொய் சொல்லச் சொன்னாய். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னால் முடியவில்லை. சொல்ல வேண்டாம் என்ற வரியைத்தான் முதலில் வாசித்தேன். அய்யா முழுவதையும் கேட்டார். பொறுப்பாளர் சொன்ன இடம் வந்ததும், "அதத் திரும்ப வாசி" என்றார். அதற்கப்புறம் எழுந்து உள்ளே போனார். என்ன செய்தார் என்று தெரியாது. மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொடைரோட்டிலிருந்து மாப்பிள்ளை, அவர் அப்பா, இரண்டு கார் நிறைய ஜனம். வெயில் தாழ்ந்ததும் அய்யா இரண்டு விளக்கை நடு முற்றத்தில் வைத்தார். ஒன்றில் உன் புது மேன்டில். இன்னொன்றில் சப்பரத்துக்குப் போன அதே சாம்பல் மேன்டில், உதிராமல் விளக்கோடு பெட்டிக்குள் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்! நான் பதறிப்போய் அதை ஒளிக்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டார்.

இரண்டையும் ஏற்றினார். புதியது எரிந்தது பார், மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். முருங்கையிலிருந்த காக்கை விடிந்துவிட்டது என்று கத்தியது. (காக்கை என் சேர்க்கை. நூற்றுக்கு ஒன்று சேர்த்தால்தானே வெளிச்சம்?) பக்கத்தில் மற்றது, மங்கலாக, தன்பாட்டுக்கு எரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அதைக் காட்டிச் சிரித்தார். "இதப் பாத்துத்தான ஊரே சிரிச்சுச்சு?"

"ஆமாங்க" என்றார் அய்யா. "எம்மக செஞ்ச வேலையில நம்பர் ஒண்ணு அதுதான். சப்பரத்துல கொண்டு வச்சது ஏந்தப்பு. அது தெரு வெளக்குக்கு எடுத்த மருந்து இல்ல. அணுவுக்கு எடுத்த மருந்து."

அய்யா நிறுத்தவில்லை. ஐந்து நிமிஷம் பேசினார், அக்கா! "கடல் தண்ணிய அண்டாவுல ஊத்தி, அதுமேல நம்ம மண்ணெண்ணெய ஊத்துவா. தோரியம் வெயிட்டு கம்மி, மெதந்துரும். சீரியம்னு ஒருத்தன், பொல்லாதவன், செவந்த நெறம். அவனும் கூடவே ஏறப் பாப்பான். எம்மக உப்புப் போட்டு ஒரு அதட்டு அதட்டுவா. வெளுத்துப் போயிக் கீழ ஒக்காந்துருவான். வேணுங்கும்போது அவளே கூப்புட்டு, நூத்துக்கு ஒண்ணுனு எண்ணி உள்ள விடுவா. அந்தா எரியுது பாருங்க. இந்தப் பக்கம் இருக்கதும் அவதான், அந்தப் பக்கம் இருக்கதும் அவதான்."

செபாஸ்தியம்மாள் அத்தை, "அவன் பொல்லாதவன்னா எதுக்கு அண்ணே திரும்பக் கூப்புடுறா?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அய்யா, "அத அவகிட்டதான் கேக்கணும். நமக்கு அம்புட்டுப் படிப்பு இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஏதோ தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி.

மாப்பிள்ளையின் அப்பா கனைத்தார். "அதெல்லாம் சரி. கல்யாணத்துக்குப் பெறகு வேலைய விட்டுருமில்ல பொண்ணு?"

அய்யா குனிந்து விளக்குக்குக் காற்றடித்தார். மூன்றே அடி. நிமிர்ந்தார்.

"விடாதுங்க. மே மாசம் நெரந்தரம் ஆகுது. ஒங்க மகனுக்குப் பம்பாய்க்கு மாத்தல் கெடைக்குமானு கேட்டுப் பாருங்க. கெடச்சா வாங்க, பேசுவோம்."

கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசல்வரை போனவர் திரும்பி வந்து மங்கல் விளக்கை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். ஆள் அவ்வளவு மோசமில்லை, சொல்லிவைக்கிறேன்.

நீ கையெழுத்துப் போட்டுவிடு. இது அய்யா வாயால் சொன்னது. பலகை மறுபடி கடைக்கு வெளியே வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். அய்யா சொன்னதில் நிறையத் தப்பு இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. கடல் தண்ணீர் இல்லை, மணல். வெயிட்டு காரணமில்லை, அந்தத் திரவம் பிடித்துக்கொள்வதுதான் காரணம். உப்புப் போட்டு அதட்டுவதும் அப்படியில்லை. தினமும் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். திருத்திச் சொல்லட்டுமா?

சவரிமுத்து


பம்பாய்
7-5-1962

சவரிமுத்து,

இன்று காலை கையெழுத்துப் போட்டேன்.

அய்யா சொன்னதில் நீ கண்டுபிடித்தது போக இன்னும் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்றைக்கூடத் திருத்தாதே.

அக்கா